ஐந்தும் பன்னிரண்டும்

எண் குறையக் குறைய முள் பெரிசு. இப்படித் தலைகீழாக நம்பர் போட்டவன் யார் என்று கல்யாணமான புதிதில் பெர்பெத்து கிளீட்டசிடம் கேட்டபோது, எவனோ கடலையே பார்க்காதவன் என்று சொல்லிவிட்டு அவன் சிரித்தான். ஐந்தாம் நம்பர் தூண்டில் முள் சுண்டுவிரலை மடக்கி வைத்த மாதிரி இருக்கும். களவாவும் சூரையும் விழுங்குகிற முள், விசைப்படகில் ஏறி இருபது நாள் கரை தெரியாத தூரத்துக்குப் போகிறவனுடைய முள். பன்னிரண்டாம் நம்பர் நகத்தளவு. காலையில் வள்ளத்தில் போய்க் கரையோரப் பாறைகளில் சின்ன மீன் பிடித்துக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறவனுடைய முள். இரண்டு பொட்டலமும் இப்போது அவள் மடியில் இருந்த துணிப்பைக்குள் கிடந்தன. தினத்தாளில் மடித்து நூல் கட்டியது, நூறு எண்ணம் வீதம். மேலே வெங்காயம், ஒரு சோப்பு, அடியில் எங்கேயோ செல்போன். சாரலுக்குப் பயந்து பேருந்தின் ஜன்னல் தகரங்களை எல்லாம் இறக்கிவிட்டிருந்தார்கள். உள்ளே இருட்டும் வெக்கையும் ஈரக்குடை நாற்றமும். அவள் ஜன்னலோர இருக்கை என்று ஆசையாய் உட்கார்ந்தது எதற்கு, தகரத்தைப் பார்க்கவா. இரண்டையும் ஏன் வாங்கினாய் என்று கேட்டால் என்ன சொல்வாள். கடைக்காரர் நல்ல மனிதர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, எத்தனை பாகம் ஆழத்துக்கு என்று கேட்டார், எந்த மீனுக்கு என்று கேட்டார், அவள் பேசாமல் நின்றதைப் பார்த்து, "ஆளு ஒண்ணும் சொல்லி விடலியாம்மா?" என்றார். "என்னையே பாத்து வாங்கச் சொன்னாரு" என்றாள். அவர் கண்ணாடியை மறுபடி இறக்கி அவளைப் பார்த்தார். மீனுக்க வாயை நினைச்சுத்தான் முள்ளு எடுக்கணும் என்று சொல்லிக்கொண்டே மேசைக் கண்ணாடிமேல் கொட்டினார், நேரே நிற்கிறது, வளைந்தது, தலையில் துளை உள்ளது, தலை சப்பையாக அடித்தது. நகத்தில் வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார், வழுக்கினால் மொண்ணை, நின்றால் நல்ல முள். அவள் ஐந்தை இழுத்தாள், நகத்தில் வெள்ளைக் கோடு போட்டு நின்றது. பன்னிரண்டை இழுத்தாள், அதுவும் நின்றது. எதுவாவது ஒன்று வழுக்கியிருக்கக் கூடாதா.

வழுக்கியிருந்தால் அந்த முள்மேல் பழியைப் போட்டுவிட்டு வந்திருக்கலாம். கிளீட்டஸ் அப்படி ஒரு வழி வைக்கவில்லை. கடலில் இருந்து திரும்பி வந்து எட்டு மாசம், பின்வாசல் படியில் குத்தவைத்துக் கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். குடிக்கவில்லை, அடிக்கவில்லை, சத்தம் போடவில்லை, சோறு வைத்தால் தின்றான், வைக்காவிட்டால் கேட்கவில்லை. கடற்கரைப் பக்கம் போகவில்லை, கோயிலுக்குப் போகவில்லை, பேருந்து நிற்கிற சந்திப்பு வரைக்கும் கூடப் போகவில்லை. அவளும் எட்டு மாசம் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். போன செவ்வாய்க்கிழமை சின்ன விஷயம், ஓலை ஒழுகுகிறது, ஏறிப் பாரும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டாள், அவன் ஏணியைப் பார்த்தான், திரும்பவும் கோழியைப் பார்த்தான், அப்போது அவள் வாயில் இருந்து அது வந்தது. "நீரு திரும்பி வந்தது எதுக்காக்கும், இப்படிக் குத்தவைக்கவா?" சொன்ன குரல் தன்னுடையதா என்று அவளுக்கே தெரியவில்லை. அடுத்த வீட்டில் அம்மி அரைக்கிற சத்தம் நின்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், செருப்பை எடுத்து வீசியிருந்தால்கூட. மறுநாள் காலை கட்டங்காப்பி குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "முள்ளு வாங்கிட்டு வா, தடைக்காலம் முடிய ஒம்பது நாளுதான் இருக்கு" என்றான். எந்த நம்பர் என்று கேட்டாள். "நீயே பாத்து வாங்கு" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான். ஐந்தை எடுத்தால் அவனை அந்தக் கடலுக்கே திரும்ப அனுப்புகிறவள் அவள். பன்னிரண்டை எடுத்தால் நீ இனி கரையோரத்து ஆள்தான், உன்னால் இவ்வளவுதான் முடியும் என்று அவன் நெற்றியில் எழுதுகிறவள் அவள். வெறுங்கையோடு போனால் அதற்கும் ஓர் அர்த்தம் இருக்கிறது. சொன்ன வாயைக் கொண்டுபோய் எங்கே கழுவ.

பேருந்து நிலையத்தை விட்டு நகர்கிற நேரத்தில்தான் சலேத்து ஏறினாள். கம்பியைப் பிடித்து ஏறியவள் ஒரு கையால் கன்னத்தைப் பொத்தியிருந்தாள். பேருந்தில் ஒரே ஓர் இடம்தான் காலி, அது பெர்பெத்துக்குப் பக்கத்தில். சலேத்து அந்த இடத்தைப் பார்த்தாள், பெர்பெத்தைப் பார்த்தாள், வந்து உட்கார்ந்தாள். "பல்லு பிடுங்கினேன்" என்றாள், வாயில் பஞ்சு இருந்ததால் அது கல்லுப் பிடுங்கினேன் மாதிரி கேட்டது. பெர்பெத்து, "நோவா இருக்கா அக்கா?" என்றாள். சலேத்து தலையை ஆட்டினாள். இல்லை என்றா ஆமாம் என்றா தெரியவில்லை. எட்டு மாசத்தில் இருவரும் இவ்வளவு பக்கத்தில் இருந்ததில்லை. கிளீட்டசும் சலேத்தின் புருசன் ஜோர்தானும் ஒரே படகு, பத்து வருசம். புயலில் படகு கவிழ்ந்ததும் ஆளுக்கொரு பக்கமாக அலை அடித்துக்கொண்டு போக, இவர்கள் இரண்டு பேரும் ஒரே பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு ராத்திரி. மூன்றாம் நாள் காலையில் ஏதோ சரக்குக் கப்பல்காரர்கள் தூக்கும்போது கேனில் கிளீட்டஸ் மட்டும் இருந்தான். ஜோர்தானை அலை கொண்டுபோய்விட்டது என்று அவன் கப்பலில் சொன்னான், ஆஸ்பத்திரியில் சொன்னான், பங்குச் சாமியாரிடம் சொன்னான், ஒரே வார்த்தையில், ஒரு எழுத்து மாறாமல். வெறும் சவப்பெட்டியை வைத்துப் பூசை வைத்தார்கள். பெட்டிமேல் ஜோர்தானுடைய கட்டம்போட்ட சட்டை. கிளீட்டஸ் வரவில்லை, பெர்பெத்து தனியாகப் போய்க் கடைசி வரிசையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தாள். இப்போது சலேத்தின் தோள் அவள் தோளில் பட்டுக்கொண்டிருந்தது, வளைவுகளில் முழுப் பாரமும் வந்து சாய்ந்தது. மடியில் இருக்கிற பையை அவள் இடது பக்கம், தகரத்தோரம் நகர்த்தி வைத்தாள். உன் புருசன் போன கடலுக்கு என் புருசன் போக நான் முள் வாங்கிப் போகிறேன். இப்படி ஒன்றை வாயால் சொல்ல வேண்டாம், பொட்டலம் பிரிந்தாலே போதும்.

வில்லுக்குறி தாண்டியதும் பாலத்தில் ஏதோ லாரி குறுக்கே நின்றுவிட்டது என்றார்கள். ஓட்டுநர் எஞ்சினை நிறுத்தினார். காற்று அப்படியே செத்தது. அப்போது பைக்குள் போன் அடித்தது. கிளீட்டஸ்தான், அவனைத் தவிர யார் கூப்பிடப்போகிறார்கள், வாங்கியாச்சா என்று கேட்பான், எந்த நம்பர் என்று கேட்பான், சலேத்துக்குக் கேட்கும், அந்தப் போனில் பேசுவது ஊருக்கே கேட்கும். அணைத்துவிட வேண்டும் என்கிற அவசரத்தில் பார்க்காமல் கையை உள்ளே விட்டாள், வெங்காயத்தை ஒதுக்கி, சோப்பை ஒதுக்கி, தினத்தாள் ஈரத்தில் ஊறிக் கிழிந்திருந்தது விரலுக்குத் தெரிந்தது, தெரிந்த அதே நேரத்தில் பெருவிரலுக்குக் கீழே சதையில் சுரீர் என்றது. எடுத்துவிடலாம் என்று இழுத்தாள். முள் வரவில்லை. இன்னும் உள்ளே போயிற்று. நுனிக்குக் கீழே பின்பக்கமாகச் சீவிவிட்டிருக்கும் அந்தச் சின்னப் பல், போகும்போது வழிவிடும், வரும்போது விடாது. எத்தனை ஆயிரம் மீனின் வாயைப் பிளந்து அந்தப் பல்லை விடுவித்திருக்கிறாள், ஒரு தடவையாவது மீனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்திருக்கிறாளா. இல்லை. கையை வெளியே எடுத்தால் முள் கோத்த முள்ளாகப் பொட்டலத்தில் பாதி கையோடு வரும். சலேத்து பார்ப்பாள். போன் அடித்து நின்றது. மறுபடி அடித்தது. "போன் அடிக்கி" என்றாள் சலேத்து, பஞ்சுக்குள் இருந்து. "ஆமா" என்றாள் பெர்பெத்து. "எடுக்கலியா?" "பொறவு எடுக்கேன்." போன் அவள் உள்ளங்கைக்கு அடியில் உயிருள்ளது மாதிரி அதிர்ந்தது, அதிரும்போதெல்லாம் முள் அசைந்தது. எட்டு, ஒன்பது, பத்து தடவை அதிர்ந்து நின்றது. மறுபடி. அவன் இப்படி விடாமல் கூப்பிடுகிறவன் இல்லை. ஏன் கூப்பிடுகிறான். ஏணியில் ஏறினானா, விழுந்தானா. அல்லது வேறு ஏதாவது. அந்த வேறு ஏதாவது எட்டு மாசமாக வீட்டில் ஒரு மூலையில் இருக்கிறது, அவள் இரவில் எழுந்து அவன் மூச்சைப் பார்க்கிறாள், நைலான் கயிற்றை எல்லாம் சுருட்டி மச்சில் வெங்கலப் பானைக்குள் போட்டு மூடிவைத்திருக்கிறாள். அப்படி வைத்தவள்தான் திரும்பி வந்தது எதுக்காக்கும் என்று கேட்டாள். கையில் ஈரம் பரவியது. வெங்காயத் தோல் விரலில் ஒட்டியது.

ஒரு கேன். இருபது லிட்டர் கேன். அது இரண்டு பேரைத் தாங்குமா. இந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போகாமல் எட்டு மாசம் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறாள், கோயிலைச் சுற்றுகிற மாதிரி, இப்போது எழுந்து போக இடமில்லாத இருக்கையில், கையை எடுக்க முடியாத பையோடு, அது நேரே வந்து முன்னால் உட்கார்ந்துகொண்டது. வீட்டில் தண்ணீர் பிடிக்கிற கேன் ஒன்று இருந்தது, அவன் வந்த வாரமே அதை அவள் மீன்காரிக்குக் கொடுத்துவிட்டாள், அவன் கண்ணில் படக்கூடாது என்று. அவன் கண்ணிலா, அவள் கண்ணிலா. இரண்டு பேர் பிடித்த ஒன்றை ஒருவன் மட்டும் பிடித்திருந்தால் மற்றவனுடைய கை எப்படிப் போனது. தானாகவா. அலை கொண்டு போயிட்டு. ஒரு எழுத்து மாறாமல். உண்மையைச் சொல்கிறவன் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாற்றிச் சொல்வான், அவளுக்குத் தெரியும், சந்தையில் மீனின் எடையைச் சொல்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துத் தெரியும். சீ, இது என்ன நினைப்பு, பத்து வருசச் சிநேகம், ஜோர்தானுக்குக் காய்ச்சல் வந்தபோது தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன். ஆனால் தண்ணீரில் மனுசன் மனுசனா. யாருக்குத் தெரியும். சலேத்துக்கும் இந்தக் கேள்வி இருக்கும். இருக்காமல் எப்படி. பக்கத்தில் இருக்கிற இந்தத் தோளுக்குள்ளும் இதே கேன் மிதந்துகொண்டிருக்கும். அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள். கன்னம் வீங்கிய சலேத்து வேறு யாரோவாகத் தெரிந்தாள். ஜன்னல் தகரத்தைத் தூக்கிவிட்டால் மூச்சு விடலாம், ஒரு கையால் தூக்க முடியாது. தூக்கச் சொன்னால் மற்ற கைக்கு என்ன என்று கேட்பார்கள். பின்னால் ஒரு குழந்தை அழுதது. மூன்று இருக்கை தள்ளி ஒருவர் பாலம் கட்டியவனை, லாரிக்காரனை, மழையை வரிசையாக வைதுகொண்டிருந்தார். போன் நின்றது. இந்தத் தடவை மறுபடி அடிக்கவில்லை. அடிக்காதது அடித்ததைவிட மோசமாக இருந்தது.

"ரெத்தம்" என்றாள் சலேத்து.

பையின் அடியில் நனைந்து, அங்கிருந்து பெர்பெத்தின் சேலைக்கு வந்திருந்தது. பெர்பெத்து ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் சலேத்தின் கை பைக்குள் வந்துவிட்டது, கேட்கவில்லை, பார்க்கவும் இல்லை, முன் இருக்கையின் முதுகைப் பார்த்தபடியே விரல்களால் தடவினாள். பெர்பெத்தின் விரல்களைத் தாண்டி, சதையைத் தாண்டி, முள்ளைப் பிடித்தாள். பிடித்து அப்படியே கொஞ்ச நேரம் இருந்தாள். தூண்டில்காரன் வீட்டுப் பெண்ணுக்கு நம்பரைக் கண்ணால் பார்க்க வேண்டுமா. "அஞ்சு" என்றாள். பெர்பெத்துக்கு அழுகை வந்தது, வலியினால் என்று அவளே நினைத்துக்கொண்டாள். "பன்னெண்டும் இருக்கு அக்கா" என்றாள். எதற்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. சலேத்து ஜன்னல் தகரத்தை எம்பித் தூக்கிவிட்டு, வாயில் இருந்த பஞ்சை எடுத்து வெளியே போட்டாள். வெளிச்சமும் சாரலும் உள்ளே வந்தன. "இழுக்காத. முன்னால தள்ளி நுனியை வெளியில கொண்டுவந்து நறுக்கணும். பொறவு பின்னால எடுக்கலாம்." எழுந்து நின்று நடத்துநரிடம் குறடு கேட்டாள். குறடு என்றதும் பேருந்தே திரும்பிப் பார்த்தது. ஓட்டுநர் பெட்டியில் இருந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒன்று வந்தது. பையைப் பிரித்தபோது முட்கள் கொத்தாக அவள் கையோடு எழுந்து வந்தன, பெரிசும் சிறிசும் கலந்து, நடத்துநர் "அய்யோ தாயே" என்று திரும்பிக்கொண்டார். சலேத்து ஒவ்வொன்றாகக் கழற்றிக் காகிதத்தில் போட்டாள். கடைசி ஒன்று மட்டும் மிச்சம். "வேற எங்கயாவது பாரு" என்றாள். பெர்பெத்து பாலத்துக்குக் கீழே கலங்கி ஓடுகிற தண்ணீரைப் பார்த்தாள். தோல் உள்ளிருந்து கிழிகிற சத்தம் காதுக்குக் கேட்கிற மாதிரி இருந்தது. குறடு ஒரு தடவை நறுக்கென்றது. முடிந்தது. சலேத்து தன் முந்தானையில் பல் டாக்டர் கொடுத்த மிச்சப் பஞ்சை முடிந்து வைத்திருந்தாள், அதை வைத்துக் கைக்குட்டையால் கட்டினாள். கட்டி முடித்து, பொட்டலத்தையும் கட்டி மடியில் வைத்துவிட்டு, "எனக்க வீட்டில ரெண்டு கெட்டு கிடக்கு. அவரு வாங்கி வச்சது, பிரிக்கவே இல்ல. கேட்டிருந்தா தந்திருப்பேனே" என்றாள். அதில் குத்தல் இருக்கிறதா என்று பெர்பெத்து அந்த முகத்தில் தேடினாள். வீக்கம்தான் இருந்தது. லாரியை நகர்த்திவிட்டார்கள், பேருந்து உறுமிக் கிளம்பியது. பெர்பெத்து பைக்குள் இருந்து போனை எடுத்துப் பார்த்தாள், சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது.

சந்திப்பில் இறங்கும்போது சாரலில் நனைந்தபடி கிளீட்டஸ் நின்றுகொண்டிருந்தான். செருப்பு இல்லை, சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். எட்டு மாசத்தில் அவன் வீட்டை விட்டு இவ்வளவு தூரம் வந்தது இன்றைக்குத்தான். "பதினேழு தடவை அடிச்சேன்" என்றான். அவளுக்கு உடனே எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது, வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை, ஆனால் அவன் அவளுடைய கையைப் பிடித்துக் கட்டை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போன துளை, வெளியே வந்த துளை, இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி. "அஞ்சு" என்றான்.

"பன்னெண்டும் வாங்கியிருக்கேன். ரெண்டும் வேண்டாம். நீரு எங்கயும் போகாண்டாம். அண்ணைக்கு நான் சொன்னது தப்பு."

அவன் கட்டைத் திரும்ப இறுக்கினான். "போன்னு சொல்லவும் நீ, போகாண்டாம்னு சொல்லவும் நீதானா" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். இதற்கு எந்தப் பக்கமும் கதவு இல்லை. அப்போதுதான், இறங்குகிற கூட்டத்துக்கெல்லாம் வழிவிட்டுக் கடைசி ஆளாகச் சலேத்து படியில் இருந்து இறங்கினாள், கிளீட்டஸ் தலையைத் தூக்கினான், இருவரும் பார்த்துக்கொண்டார்கள். பேருந்து கிளம்பிப் போய்ப் புகை அடங்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார்கள். "இவளுக்கு டிடி ஊசி போடணும், கூட்டிட்டுப் போ" என்றாள் சலேத்து. "வீட்டில அவரு வச்ச முள்ளு கிடக்கு. எந்த நம்பர் வேணும்னு வந்து பாத்து எடுத்துட்டுப் போ."

"முள்ளு வேண்டாம் மைனி" என்றான் சலேத்திடம். பிறகு கையைக் கட்டிக்கொண்டான், அவிழ்த்தான். "அலை கொண்டு போகல."

பெர்பெத்துக்குக் காதை மூடிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஒரு கையால் எந்தக் காதை மூட. வேண்டாம், இங்கே வேண்டாம், டீக்கடையில் ஆள் இருக்கிறது, வீட்டுக்குப் போய், இல்லை, ஒருபோதும் வேண்டாம். ஆனால் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். "கேனுக்க கயித்துல ஒருத்தனைக் கெட்டினா மத்தவன் பிடிச்சுக்கணும். மாத்தி மாத்திக் கெட்டினோம். கெட்டினவன் முழிச்சிருந்து பிடிக்கிறவனுக்க கையைப் பிடிச்சுக்கணும்னு பேச்சு. ரெண்டாம் ராத்திரி என்னைக் கெட்டியிருந்து. அவன் கையைப் பிடிச்சிருந்தேன். பாட்டுப் படிச்சான், மாதா பாட்டு, தூங்காம இருக்க. நானும் கூடப் படிச்சேன். பொறவு நான் தூங்கிட்டேன் மைனி. முழிச்சுப் பாத்தப்போ எனக்க கை விரிஞ்சு கிடந்து."

டீக்கடையில் ரேடியோ ஏதோ சொன்னது. சலேத்து கன்னத்தைப் பொத்தியபடி நின்றாள். அவள் அறைவாள் என்று பெர்பெத்து நினைத்தாள், அல்லது விழுவாள் என்று. பிடிக்க வேண்டும் என்று ஓர் அடி முன்னால் வைத்தாள்.

"எப்போ?" என்றாள் சலேத்து.

"விடியறதுக்குக் கொஞ்சம் முன்னால."

"விடிஞ்சா பத்தொம்பதாம் தேதி."

"ஆமா."

"நான் பதினெட்டாம் தேதியில்ல குடுத்துட்டு வாறேன்" என்றாள் அவள். "மாசா மாசம் பதினெட்டாம் தேதி பூசை. எட்டுப் பூசை. அண்ணைக்கு அவரு உயிரோட இருந்திருக்காரு." குடையை விரித்தாள், விரித்த குடையைப் பிடிக்காமல் தோளில் சாய்த்துக்கொண்டு, கோயில் மேட்டின் பக்கம் நடக்கத் தொடங்கினாள். பத்தடி போனதும் நின்றாள். திரும்பாமலே, "வா, நீயும் வந்து சாமியார்ட்ட சொல்லு. நான் சொன்னா தேதி மாத்தமாட்டாரு" என்றாள்.

கிளீட்டஸ் நடந்தான். இரண்டடி வைத்துவிட்டுத் திரும்பிப் பெர்பெத்தைப் பார்த்தான். அவள் கை தொங்கிக்கொண்டிருந்தது, கட்டு சிவந்து, விரல் நுனியில் இருந்து சொட்டிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து அந்த மணிக்கட்டைப் பிடித்து அவள் தலை உயரத்துக்குத் தூக்கினான். "தாழ்த்தாத" என்றான். கோயில்வரைக்கும் அப்படியே பிடித்துக்கொண்டு போனான்.